மாதா படமும் கறுப்புத் திரையும்

இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம்தான் வருகிறது. கோபத்தில் எழுதினால் முன்பின் மாறிவிடும் என்பதால், நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

திண்டுக்கல்லில் சாமியார்கள் நடத்தும் ஒரு மேல்நிலைப் பள்ளியில் நான் தலைமை எழுத்தராக இருந்தேன். என் மேசைக்கு எதிரே தட்டச்சர் அமர்ந்திருப்பார். எங்கள் பங்குக் கோயிலைச் சேர்ந்த பெண். வயதான தாயாரும் பள்ளிக்குப் போகும் மகளும் அவர் சம்பளத்தை நம்பி இருந்தார்கள். அது நிர்வாகம் கொடுத்த வேலை. அரசாங்கச் சம்பளம் இல்லை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று வாயால் சொன்னாலே வேலை போய்விடும்.

அவருக்குச் சிறு வயதிலிருந்தே விழித்திரையில் கோளாறு. வெள்ளை வெளிச்சம் பட்டால் கண் கூசும்; அந்த வெளிச்சத்தின் மேல் உள்ள எழுத்துகள் கரைந்து போய்விடும். தட்டச்சு இயந்திரம் இருந்தவரை இது ஒருவருக்கும் தெரியாது. கடிதங்களை நான் வாசிப்பேன், அவர் அடிப்பார். எங்கள் அலுவலகத்தில் அதுதான் வழக்கம். விரல்களுக்குக் கண் தேவைப்படவில்லை.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. முதல் நாள் திரையின் முன் உட்கார்ந்தவரின் கன்னத்தில் நீர் வழிந்தது.

"என்னம்மா, அழுகுறீங்க?"

"அழுகல சார். கூசுது. யார்ட்டயும் சொல்லிறாதீங்க. கண்ணு தெரியாதுன்னு தெரிஞ்சா நாளைக்கே வீட்டுக்குப் போகச் சொல்லிருவாக."

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அந்தச் சனிக்கிழமையே உட்கார்ந்து அவருடைய கம்ப்யூட்டரை மாற்றி அமைத்தேன். திரையின் பின்னணியைக் கறுப்பாக்கினேன். எழுத்துகளை மஞ்சளாக்கி, எவ்வளவு பெரிதாகுமோ அவ்வளவு பெரிதாக்கினேன். அம்புக்குறியைத் தடிமனாக்கினேன். ஸ்டார்ட் மெனுவில் யாரும் தொடாத சீட்டாட்டம், ஃபேக்ஸ் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, அவருக்குத் தேவையானவற்றை மட்டும் வைத்து, ஒவ்வொன்றின் பெயருக்கு முன்னாலும் ஓர் எண் போட்டேன். ஒன்று மாற்றுச் சான்றிதழ், இரண்டு நன்னடத்தைச் சான்றிதழ், மூன்று சுற்றறிக்கை. விசைப்பலகையில் மெனுவுக்கான விசையைத் தட்டிவிட்டு ஒன்றைத் தட்டினால் மாற்றுச் சான்றிதழ் படிவம் திறந்துவிடும். மவுசைத் தேடவே வேண்டியதில்லை.

திங்கட்கிழமை அவர் தட்டிப் பார்த்தார். படிவம் திறந்தது. மறுபடி தட்டினார்.

"சார், நம்ம பழைய மிஷின் மாதிரியே இருக்கு," என்றார்.

அதன்பின் பழையபடி நான் வாசித்தேன், அவர் அடித்தார். ஒரு குறையும் இல்லாமல் இரண்டு ஆண்டுகள் ஓடின.

பிறகு புதிய தாளாளர் ஃபாதர் வந்தார். பொறுப்பேற்றதும் அறை அறையாகப் பார்த்துக்கொண்டே எங்கள் அலுவலகத்துக்கு வந்தவர், அந்தத் திரையின் முன் நின்றார்.

"என்ன இது? இன்னைக்கு என்ன, துக்கம் காக்குற பெரிய வெள்ளிக்கிழமையா? கன்னங்கரேல்னு கெடக்கு!"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அவரோடு புதிதாகச் சேர்ந்திருந்த கம்ப்யூட்டர் மாஸ்டர் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். தட்டச்சரும் சிரித்து வைத்தார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் ஃபாதர் என்னையும் அலுவலகத்துக்கு அழைத்தார். பள்ளியின் எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் மாதா படம் வைப்பதாக முடிவாகியிருந்தது. தட்டச்சரின் கம்ப்யூட்டரிலும் மாஸ்டர் ஏற்கெனவே வைத்து முடித்திருந்தார். வெள்ளை மேகம், வெள்ளை ஒளிக்கதிர்கள், நடுவில் மாதா. எனக்கே கண் கூசியது. ஃபாதர் கைகூப்பிவிட்டு நிமிர்ந்தார். முகம் மாறியது.

"யோவ் மாஸ்டர், மாதா மொகத்துல என்னய்யா அது?"

"ரீசைக்கிள் பின் ஃபாதர். வேண்டாததெல்லாம் அதுக்குள்ள போகும்."

"குப்பத்தொட்டியவா மாதா மொகத்துல வச்சிருக்க? எடுய்யா மொதல்ல!"

குப்பைத்தொட்டி ஓரத்துக்குப் போனது. அப்புறம் மாதாவின் கைமேல் இருந்த ஐகான், தோளின் மேல் இருந்த ஐகான் என்று ஒவ்வொன்றாக நகர்ந்தது. மேனியில் எதுவும் படக்கூடாது என்பதால் எல்லா ஐகான்களையும் எறும்பளவுக்குச் சுருக்கி வலது விளிம்பில் அடுக்கினார் மாஸ்டர். கீழே இருந்த பட்டை மாதாவின் பாதத்தை மறைக்கிறது என்றார் ஃபாதர். பட்டையும் ஒளிந்துகொண்டது. எல்லாக் கம்ப்யூட்டரும் ஒன்று போல இருக்க வேண்டும் என்று நான் அமைத்த மெனுவையும் அழித்துப் பழையபடி ஆக்கினார்கள். கடைசியாக, திரையை மாற்றும் பக்கத்தைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டினார்கள்.

"ஃபாதர், அந்தம்மாவுக்குக் கறுப்புதான் வசதி," என்றேன்.

"ஏன்?"

வாக்குக் கொடுத்திருந்தேன்.

மறுநாள் திங்கட்கிழமை. ஜூன் மாதம், மாற்றுச் சான்றிதழ் வாங்க வராந்தா முழுக்கப் பெற்றோர். நடந்ததை நான் சொல்வதற்குள் தட்டச்சர் நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் போட்டுவிட்டார். தலையை வெடுக்கென்று திருப்பிக்கொண்டார். பிறகு திரையைப் பார்க்காமலே மெனு விசையைத் தட்டி ஒன்றைத் தட்டினார். ஒன்றும் திறக்கவில்லை. மறுபடி தட்டினார். வரிசையின் முன்னால் ஆயக்குடியிலிருந்து வந்த ஒரு கொய்யாத் தோட்டக்காரர் நின்றிருந்தார்.

"ஏனுங்க, செத்த சீக்கிரம் பாருங்க. பழனி பஸ்ஸு போயிருமுங்க."

தட்டச்சர் திரையில் மூக்கு உரசும் அளவுக்குக் குனிந்து, விளிம்பில் இருந்த ஐகான்களில் ஒன்றைத் தேடினார். கண்ணிலிருந்து நீர் கொட்டியது. வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏலே, அங்க பாருடா, கம்ப்யூட்டருக்கு முத்தங் குடுக்குறாக!"

வராந்தா சிரித்தது. அந்தச் சிரிப்பு கேட்டுத்தான் ஃபாதர் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

மதியம் என்னையும் தட்டச்சரையும் மாஸ்டரையும் கூப்பிட்டார். கண்ணைப் பற்றி இனி மறைக்க எதுவும் இல்லை. தட்டச்சரே சொன்னார். ஃபாதர் நாற்காலியில் சாய்ந்தார்.

"கண்ணு தெரியாதவங்கள வச்சுக்கிட்டு எப்படிங்க ஆபீஸ் நடத்துறது?"

"ரெண்டு வருசமா நடந்துச்சு ஃபாதர்," என்றேன். "நேத்து வரைக்கும் ஒரு சான்றிதழ்கூடத் தப்பா போகல. அந்த ஒரு மிஷின மட்டும் கறுப்பா விட்டிருங்க. போதும்."

"ஒரு ஆளுக்காக ஸ்கூல் ஸ்டாண்டர்ட மாத்த முடியுமா சார்?" என்றார் மாஸ்டர்.

ஃபாதர் என்னை விட்டுவிட்டு தட்டச்சரிடம் திரும்பினார். குரல் மிகவும் மென்மையாக இருந்தது.

"நீங்களே சொல்லுங்கம்மா. மாதா படம் உங்களுக்கு இடைஞ்சலா?"

இதைவிடக் கேவலமான கேள்வியை என் பணிக்காலத்தில் நான் கேட்டதில்லை. ஆமாம் என்று எந்தக் கத்தோலிக்கப் பெண் சொல்வாள்? சாமியார் முன்னால், வேலை அவர் கையில் இருக்கும்போது? வெளிச்சத்தைப் பற்றிய பேச்சை விசுவாசத்தைப் பற்றிய பேச்சாக மாற்றிவிட்டார். மாற்றியது அவருக்கே தெரிந்ததா என்றுகூட எனக்கு நிச்சயமில்லை. அது இன்னும் மோசம்.

"இல்லங்க ஃபாதர்," என்றார் தட்டச்சர்.

"அப்புறமென்ன? ஒரு வாரம் பழகிப் பாருங்க. முடியலன்னா வேற ஆள் பாக்குறோம்."

வெளியே வந்ததும் தட்டச்சர்மீதும் எனக்குக் கோபம்.

"ஆமான்னு சொல்லியிருந்தா என்னம்மா?"

"சொல்லிட்டு எங்க போறது சார்? நீங்க சோறு போடுவீகளா?"

போய் அவருடைய கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். திரை மாற்றும் பக்கம் பூட்டியிருந்தது. ஆனால் அமைப்புகளுக்குள் சக்கர நாற்காலிப் படம் போட்ட ஒரு பக்கம் உண்டு. உடல் குறைபாடு உள்ளவர்களுக்கு என்றே வைத்தது. மாஸ்டர் அதைப் பூட்டவில்லை. அப்படிப்பட்டவர்கள் இந்தப் பள்ளியில் இருப்பார்கள் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. அதில், மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் திரை முழுவதும் கறுப்பாகி எழுத்து பெரிதாகிவிடும். மறுபடி அழுத்தினால் பழையபடி ஆகிவிடும். அதை இயக்கினேன். எண் போட்ட பெயர்களையும் மெனுவில் திரும்ப வைத்தேன். மெனுவைப் பிரித்துப் பார்க்கும் வழக்கம் ஃபாதருக்கு இல்லை. அவர் பார்ப்பதெல்லாம் படத்தைத்தான்.

அன்று முதல் அலுவலகத்தில் ஒரு புதிய வேலை எனக்கு. ஜன்னல் ஓரம் என் மேசை. வராந்தாவில் வெள்ளை அங்கி தெரிந்தால் இருமுவேன். தட்டச்சர் மூன்று விசைகளை அழுத்துவார். மாதா வந்துவிடுவார். அங்கி போனதும் மறுபடி அழுத்துவார். திருடர்களைப் போல இருந்தது. சான்றிதழ் அடிக்கத்தான் இத்தனையும்.

வார முடிவில் ஃபாதர் வந்தார். இருமினேன். அவர் உள்ளே வருவதற்குள் திரை வெள்ளையாகிவிட்டது. பக்கத்தில் அடித்து முடித்த சான்றிதழ்கள் அடுக்கி இருந்தன. எடுத்துப் பார்த்தார். ஒரு பிழையும் இல்லை.

"பாத்தீங்களா? மாதாவே பழக்கி விட்டாங்க," என்று என்னிடம் சொன்னார். "நீங்கதான் அன்னைக்கு அம்புட்டுக் குதிச்சீங்க."

நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். தட்டச்சர் திரைக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு, கண்ணை மட்டும் மூடியிருந்தார். ஃபாதர் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றதால் அது அவருக்குத் தெரியவில்லை.

"படம் நல்லாத் தெரியுதாம்மா?"

"நல்லாத் தெரியுதுங்க ஃபாதர்."

ஃபாதர் போனார். திரை கறுத்தது. அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சார், மாதா என்ன கலர்ல சேலை கட்டியிருக்காக? நாளைக்கு அதையும் கேட்டாலும் கேப்பாரு."

"நீலம்," என்றேன். அந்தச் சொல்லைக்கூட என்னால் சாதாரணமாகச் சொல்ல முடியவில்லை.

"நீலம்," என்று அவர் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். "சரி, வாசிங்க சார். அடுத்தது யாரு?"

நான் வாசித்தேன்.