மரக்கதவு போட்ட டீவிப் பெட்டிகள்

என் கல்யாணத்துக்கு அப்பா கொடுத்த சீதனம் ஒரு டீவிப் பெட்டி. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் அப்போது கரண்ட் கிடையாது. அப்பா தோட்டத்து லொறி டிரைவர். மருந்துசாலை டாக்டர் ஐயா கொழும்புக்கு மாறிப் போகும்போது வீட்டுச் சாமான்களை விற்றார். அப்பா எங்கள் இரண்டு கறவை மாடுகளையும் விற்று அந்த டீவிப் பெட்டியை வாங்கி லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தார். மாப்பிள்ளை வீட்டார் வட்டகொடைக் கடைவீதியில் இரும்புக்கடை வைத்திருந்தவர்கள். மகள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தாலும், லயத்திலிருந்து போகிறவள் வெறுங்கையோடு போகக்கூடாது என்று அப்பா நினைத்தார்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் முழுக்க அது எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் இருந்தது. படம் பார்க்க வழியில்லாததால் நான் பெட்டியைத்தான் பார்த்தேன். வெளிப்பக்கம் சரிந்து நிற்கிற நான்கு கால்கள், கீழே போகப்போக மெலிந்து, நுனியில் பித்தளைப் பூண் போட்டவை. முகப்பில் மெல்லிய மரச்சட்டங்களைத் துணியில் வரிசையாக ஒட்டிச் செய்த இரண்டு கதவுகள். திறந்தால் சுருண்டு இரண்டு பக்கச் சுவருக்குள்ளும் போய் மறைந்துவிடும். நடுவில் ஒரு சின்னப் பூட்டு. மேல்பலகையில் ஓடுகிற மர ரேகை மூலையில் முறியாமல் மடங்கிப் பக்கப் பலகையிலும் இறங்கும். அதைச் செய்தவன் ஒரே மரத்தில் அடுத்தடுத்த பலகைகளைத் தேடி எடுத்திருக்க வேண்டும். மூலைகளில் விரலை வைத்து ஆணி தேடினேன். ஓர் ஆணிகூட இல்லை.

கடைவீதி பள்ளத்தில் இருந்ததால் அங்கே படம் தெளிவாக வரவில்லை. என் மாமனார் மலைமேல் எங்கள் லயத்துக்கு வந்து, அப்பாவின் காய்கறித் தோட்டத்தில் ஒரு கம்பம் நட்டு அன்டெனாவைக் கட்டினார். அங்கிருந்து பட்டை வயர் தேயிலைக்கு மேலாக இறங்கிக் கடை வீட்டுக்குப் போனது. "சம்மந்தி இருக்கிற தைரியத்துலதான் இங்க நடுறேன்," என்று அவர் அப்பாவிடம் சொன்னார். அப்பா அதைப் பெருமையாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஆரம்பத்தில் வெள்ளிக்கிழமைகளில் அப்பாவும் அம்மாவும் குளித்து, நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு டீவி பார்க்க இறங்கி வருவார்கள். மாமியார் அவர்களுக்கு நடுவீட்டு வாசல் ஓரத்தில் ஒரு சாக்கை விரித்துப் போடுவார். உட்காரக் கதிரைகள் சும்மா கிடக்கும். அம்மா வெற்றிலை போடாமல் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், எங்கே துப்புவது என்று தெரியாததால். நான் என் கணவரிடம் இதைச் சொன்னேன். "அவங்களுக்குக் கீழ உக்காந்துதானே பழக்கம்," என்றார் அவர்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டு இருக்கும்போதே மாமியார் எழுந்தார். ஓடிக்கொண்டிருந்த டீவியை நிறுத்தினார். இரண்டு கதவுகளையும் இழுத்துச் சேர்த்தார். பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினார்.

"கரண்ட் பில்லு ஏறிப்போச்சு சம்மந்தி," என்றார்.

அப்பா, "சரிங்க, அதனால என்னங்க," என்று திரும்பச் செருப்பை மாட்டிக்கொண்டார். அவர்கள் இருட்டுவதற்குள் மலையேற வேண்டும் என்று சொல்லிக் கிளம்பினார்கள். முச்சந்தி தாண்டியிருக்கமாட்டார்கள். பெட்டியின் கதவு மறுபடி திறந்தது, டீவி ஓடியது.

அன்றைக்கு நான் பேசிய பேச்சு எதையும் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டேன். என் கணவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு, "அவ்வளவு ரோசம்னா ஒங்கப்பன் வீட்டுக்கே போ," என்றார். விடிந்ததும் போனேன். கூப்பிட வருவார் என்று கொஞ்ச காலம் பார்த்தேன். வரவில்லை. கண்டியில் கடை வைத்திருக்கும் அவருடைய மாமா தன் மகளைத் தருவதாகப் பேச்சு நடக்கிறது என்று பிறகு தெரிந்தது. மனுசன் எனக்கு வேண்டாம் என்று ஆகிவிட்டது. பெட்டி வேண்டும். அப்பாவை அனுப்பிக் கேட்டேன். வாசலிலேயே நிறுத்தி, "ரெண்டு வருசம் சோறு போட்டோம், அதுக்கு இது சரியாப் போச்சு," என்று மாமியார் சொல்லி அனுப்பினார்.

அப்பா அதை என்னிடம் சொல்லிவிட்டு அடுப்புக்கு விறகு பிளக்கப் போனார். நான் மாதச் சம்பளம் வாங்குகிறவள். சோற்றுக்கு என் சம்பளமும் அந்த வீட்டில் போயிருந்தது. அந்த வார்த்தை எனக்குள் கங்கு மாதிரி கிடந்தது. அதை அணைக்க நான் முயற்சி செய்யவே இல்லை.

பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு குவாட்டர்ஸ் கிடைத்தது, கரண்ட் உள்ளது. அந்த நேரத்தில் கலர் டீவி வர ஆரம்பித்திருந்தது. பங்களாக்களிலும் டவுன் வீடுகளிலும் பழைய மரப்பெட்டிகளை மூலையில் தள்ளினார்கள். திம்புள்ளப் பக்கம் ஒரு பங்களாவில் ஒன்றை விற்கிறார்கள் என்று அப்பா கேள்விப்பட்டு வந்தார். போய்ப் பார்த்தேன். என்னுடையதைவிட அகலம். முகப்பின் இரண்டு பக்கமும் ஒலி வரும் இடத்தில் பொன்னிற இழை ஓடிய துணி. வாங்கினேன். அப்பாவின் லொறியில் ஏற்றினோம். தோட்டத்துக்கு வர இரண்டு பாதை உண்டு. கடைவீதி வழியாகப் போகச் சொன்னேன்.

"அந்தப் பக்கம் எதுக்கும்மா, சுத்துதானே," என்றார் அப்பா.

"மெதுவாப் போங்க. தார்ப்பாயை எடுத்துடுங்க."

லொறி இரும்புக்கடைக்கு முன்னால் நடை வேகத்தில் போனது. நான் முன்சீட்டில் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாமியார் கல்லாவில் இருந்தார். தலையைத் தூக்கிப் பின்னால் நின்ற பெட்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்த ருசி எனக்குப் பிடித்துப் போனது.

அதற்குப் பிறகு றொசல்லயில் ஒன்று. லண்டனில் வேலை செய்து திரும்பிய ஒரு நர்ஸ் அம்மாவுடையது. உருண்ட மூலைகளும் பால் நிற முகப்பும் உள்ள சின்னப் பெட்டி. அந்த ஊர்ப் பெட்டி என்பதால் இந்த நாட்டில் அதற்குப் படமே வராதாம். எனக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. அதையும் கடைவீதி வழியாகத்தான் கொண்டுவந்தேன். தலவாக்கலையில் ஒரு பேக்கரிக்காரர் வீட்டில், டீவியும் ரேடியோவும் இசைத்தட்டுப் பெட்டியும் ஒன்றாகச் சேர்ந்த நீளப் பெட்டி ஒன்று கிடைத்தது. மேல் மூடியைத் தூக்கி விட்டால் ஒரு கை தாங்குகிற மாதிரி மெதுவாக இறங்கும். அதற்கு லொறியில் இரண்டு பேர் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. கடைக்கு முன்னால் அப்பாவே வண்டியை நிறுத்தி, இறங்கிப் போய் எதிர்க்கடையில் ஒரு தீப்பெட்டி வாங்கிக்கொண்டு வந்தார். அவர் பீடி சிகரெட் எதுவும் குடிக்கிறவர் இல்லை.

கோபத்தில் ஆரம்பித்தாலும் கண் பழகிவிட்டது. எந்தப் பெட்டியில் அசல் பலகை, எதில் மரத்தகடு ஒட்டியிருக்கிறார்கள் என்று தட்டிப் பார்த்தே சொல்வேன். கால் சரிவு ஒரு இழை கூடினால் பெட்டி பயந்து நிற்கிற மாதிரி இருக்கும், குறைந்தால் மேசை மாதிரி ஆகிவிடும். பொத்தான்களை ஒரு பக்கமாக ஒதுக்கி, மறுபக்கம் வெறுமனே விட்டிருக்கிற முகப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும். என் குவாட்டர்ஸுக்கு வருகிறவர்கள், "டீச்சர், இதுல எதுல படம் வரும்?" என்று கேட்பார்கள். "எதுலயும் வராது," என்பேன். அப்படியே பார்த்துவிட்டுப் போவார்கள்.

என் கணவருக்கு மறு கல்யாணம் ஆனது. பெண் வீட்டார் கலர் டீவி கொடுத்தார்கள், முழுக்கப் பிளாஸ்டிக் உடம்பு. என் பெட்டி என்ன ஆனது என்று தெரியவில்லை. ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கு அலமாரிப் பூட்டு வாங்க வந்த எங்கள் தலைமை ஆசிரியரோடு வேண்டுமென்றே நானும் அவர்களுடைய இரும்புக்கடைக்குள் போனேன். கல்லாவுக்குப் பின்னால் அது நின்றது. உள்ளே இருந்ததையெல்லாம் பிடுங்கிவிட்டு இரண்டு தட்டு அடித்து, ஆணிப் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். ஒரு கதவைக் காணவில்லை. பக்கப் பலகையில், அந்த ரேகை மடங்கி இறங்குகிற இடத்தில், இரும்புக் கொக்கிகள் அறைந்து சங்கிலிகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். நான் ஆணி தேடிய மரம் அது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பகல் வெளிச்சத்தில் நான் லயத்துக்குப் போனேன். கலர் டீவிக்கும் அதே கம்பம்தான், அதே வயர்தான். எங்களை விரட்டிய பிறகும் அவர்கள் அதை எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்று அப்பாவுக்கும் தோன்றவில்லை.

"வேணாம்மா, பொல்லாப்பு," என்றார் அப்பா.

"ஒங்க தோட்டம்பா. நீங்க பீன்ஸுக்குக் கொடி கட்டுங்க."

நானே கம்பியை அவிழ்த்தேன். கம்பத்தை ஆட்டி ஆட்டிச் சாய்த்தோம், கடைசியில் அப்பாவும் ஒரு கை கொடுத்தார். அன்டெனாவைக் கழற்றிக் காம்பராவுக்குள் வைத்துப் பூட்டினோம். கீழே பார்த்தால் கடை வீட்டுத் தகரக்கூரை தெரியும். கொஞ்ச நேரத்தில் என் பழைய கணவர் வெளியே வந்து மலையை அண்ணாந்து பார்த்தார். உள்ளே போனார். திரும்ப வந்து பார்த்தார்.

புதுவருஷம் நெருங்கியிருந்தது. புது மருமகளின் ஆட்கள் கண்டியிலிருந்து வருவதாக இருந்தார்கள். முதலில் கடையில் வேலை செய்கிறவர் ஒருவர் வந்தார். அப்பா, "மகள்கிட்டப் பேசுங்க," என்று சொல்லிவிட்டார். பிறகு மாமியாரே ஏறி வந்தார். கல்யாணப் பேச்சுக்குக்கூட லயத்துக்கு வராதவர். படியில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்.

நான் வாசலில் இருந்த பலகையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கவில்லை.

"அந்தக் கம்பத்த எதுக்குப் புடுங்குனீங்க?" என்றார்.

"எங்க நிலம் அத்தை. பீன்ஸ் போடுறோம்."

"வேணும்னா வாடகை தர்றோம்."

"எனக்குக் காசு வேணாம். என் பெட்டி வேணும்."

"அது ஒடஞ்ச சாமான். கடையில ஆணி போட்டு வச்சிருக்கோம்."

"பாத்தேன். அந்தக் கதவு எங்க இருந்தாலும் தேடி எடுங்க. சாவியும் வேணும். கூலிக்கு ஆள் புடிச்சு அனுப்பக் கூடாது, ஒங்க மகன் தூக்கிட்டு வரணும்."

"ஊர் என்ன பேசும்?"

"பேசட்டும். நான் திரும்பி வந்தப்ப பேசுனாங்கதானே."

மாமியார் என் அம்மாவைப் பார்த்தார். அம்மா ஒரு சாக்கை எடுத்து உதறிப் படிக்கட்டில் விரித்தாள். "உக்காருங்க சம்மந்தி, தண்ணி கொண்டாரேன்," என்றாள். எனக்கு முன்பே அம்மா இதை நினைத்து வைத்திருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது. மாமியார் உட்காரவில்லை. தண்ணீரும் குடிக்கவில்லை.

மறுநாள் பறித்த கொழுந்தைத் தராசில் நிறுத்துக் கொடுத்துவிட்டுப் பெண்கள் லயத்துக்குத் திரும்புகிற நேரமாகப் பார்த்து வரச் சொல்லியிருந்தேன். என் பழைய கணவரும் கடை ஆளும் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு லயத்துப் படிகளில் ஏறினார்கள். கூடையோடு நின்ற பெண்கள் வழி விட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை, அதுதான் நன்றாக இருந்தது. அவர் பெட்டியை இறக்கிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல், "கதவு உள்ள இருக்கு," என்றார். கோழிக்கூட்டுக்கு வைத்திருந்தார்கள் போல, எச்சம் காய்ந்திருந்தது. சாவியைப் பலகை மேல் வைத்தார்.

பெட்டி வந்தால் கம்பத்தை நடுவோம் என்று சொல்லியிருந்தபடி அப்பா நட்டுக் கொடுத்தார். அவர் கை கழுவப் போன பிறகு நான் அன்டெனாவைக் கொஞ்சம் திருப்பி வைத்தேன். ஒவ்வொரு ஆளுக்குப் பின்னாலும் ஒரு நிழல் ஆள் நிற்கிற மாதிரி அவர்களுக்குப் படம் வந்ததாகக் கேள்வி. மறுபடி ஏறி வந்து கேட்க யாருக்கும் முகம் இருக்கவில்லை.

கொக்கி அறைந்த ஓட்டைகளுக்குத் தலவாக்கலைத் தச்சர் ஒருவர் மரத்தூளும் பசையும் சேர்த்து அடைத்தார். நிறம் சேரவில்லை. அந்தப் பக்கத்தைச் சுவரோடு வைக்கலாமே என்றார். நான் வெளியே தெரிகிற மாதிரியே வைத்தேன்.

பிறகு ஒரு மழைக்காலத்தில் மாமியார் செத்துப் போனார். லயத்திலிருந்து எல்லோரும் போனார்கள். அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து, "முகத்தக் காட்டிட்டு வந்துடும்மா, செத்தவங்ககிட்ட என்ன," என்றார். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டேன், ஆனால் அதற்காக இல்லை. நுவரெலியாவில் ஒரு பழைய வீட்டில் ஒரு பெட்டி விற்கிறார்கள் என்று சொல்லியிருந்தார்கள். பஸ் கடைவீதியைத் தாண்டும்போது சாவுக்குத் தப்பு அடிக்கிற சத்தம் கேட்டது. வெள்ளைக் கொடி கட்டியிருந்தார்கள். நான் டிக்கட் எடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வீட்டில் பெட்டி ஜன்னல் ஓரம் இருந்தது. கருந்தேன் நிறம், ஒற்றைக் கால், அதன்மேல் பெட்டி முழுவதும் சுழலும். கைப்பிடி முகப்பின் அடியில் மறைந்திருந்தது. வீட்டுக்கார அம்மா சிங்களத்தில், இது வேலை செய்யாது, பரவாயில்லையா என்று கேட்டார். பரவாயில்லை என்றேன். விரலால் தொட்டதும் அது சத்தமில்லாமல் என் பக்கம் திரும்பியது. அன்றைக்கு நான் ரொம்ப சந்தோஷமாக இருந்தேன்.