அம்மோனியாவுக்கு மின்சுமை இல்லை

இண்டூருக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளி. அங்கே வேதியியல் ஆய்வகத்தைப் பெருக்கி, சோதனைக் குழாய்களைக் கழுவி வைப்பவள் ஜெயராணி. வயது முப்பத்தைந்து. அம்மோனியாவை அவளுக்கு மூக்கால் தெரியும். பதினோரு வருடமாக அது அவளைத் தினமும் அழ வைத்திருக்கிறது. தாளில் எழுதச் சொன்னால் மட்டும் தப்பாகிவிடும்.

பிளஸ் டூவில் வேதியியலை மட்டும் கோட்டை விட்டவள். அதே மாதம் அப்பா சவரிராயன் படுக்கையில் விழுந்தார். தங்கச்சி படிக்க வேண்டுமென்று ஜெயராணி தன் படிப்பை நிறுத்திக்கொண்டாள். தன்னைக் கொடுத்தவள் குறைந்துதான் போவாள் என்று அன்றே மனதில் எழுதி வைத்துவிட்டாள், பாவி மகள்.

ஆய்வக உதவியாளர் வேலை காலியானபோது தாளாளர் சொன்னார். "உனக்கே தர்றேன்மா. பிளஸ் டூ பாஸ் பண்ணிட்டு வா. அடுத்த வருஷம் ஆகஸ்ட் வரைக்கும்தான் காத்திருப்பேன்."

இரண்டு முறை எழுதினாள். முதலில் முப்பத்தொன்று. அடுத்து முப்பத்துமூன்று. முப்பத்தைந்து எடுத்தால் போதும். ஜூன் துணைத் தேர்வுதான் கடைசி வாய்ப்பு.

அவளைவிட ஒன்பது வயது சின்னவளான வேதியியல் ஆசிரியை சோபனா, மதிய இடைவேளைகளில் அவளுடைய நோட்டைத் திருத்தினாள். இணை அமிலம், இணை காரம் பக்கத்தில் ஒரே தவறு திரும்பத் திரும்ப இருந்தது. அமிலம் ஒரு புரோட்டானைக் கொடுத்த பின் மிஞ்சுவது அதன் இணை காரம். ஹைட்ரோகுளோரிக் அமிலம் கொடுத்தால் குளோரைடு, அதற்கு ஒரு மைனஸ். அது சரி. ஆனால் அம்மோனியம் அயனி கொடுத்த பின் மிஞ்சும் அம்மோனியாவுக்கும் ஜெயராணி NH₃⁻ என்று மைனஸ் போட்டிருந்தாள்.

"ஏன்க்கா, இதுக்கு எதுக்கு மைனஸ்?"

"வெறுமனே வுட மனசு வரல டீச்சர்."

"என்னது?"

"பக்கத்து வூட்ல இருந்து கொழம்பு வந்தா, கிண்ணத்தக் காலியாவா திருப்பித் தருவோம்? ரெண்டு பச்சை மொளகாயாச்சும் போட்டுத்தானே தருவோம். புரோட்டான் போன எடத்துல ஒண்ணுமே போடாம எப்பிடி வுடறது?"

சோபனாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "கிண்ணத்துல மொளகா போடுங்க, வேணாங்கல. பரீட்சையில போட்டா நம்ம ரெண்டு பேருக்கும் கண்ணு எரியும். சரி, சொல்லுங்க. அம்மோனியத்துக்கு முதல்ல என்ன சுமை?"

"பிளஸ் ஒண்ணு."

"குடுத்த புரோட்டானுக்கு?"

"அதுக்கும் பிளஸ் ஒண்ணு."

"அப்ப மிச்சம்?"

ஜெயராணி விரலைப் பார்த்தாள். "ஒண்ணுமில்ல."

"அவ்வளவுதான். ஒண்ணு குடுத்தா சுமை ஒண்ணு குறையும். வாங்கினா ஒண்ணு கூடும். எங்கிருந்து தொடங்கறோம்கறதுதான் முக்கியம். ஒண்ணுமில்லன்னா பாழாப் போச்சுன்னு அர்த்தம் இல்லக்கா. பாரம் இல்லாம நிக்குதுன்னு அர்த்தம்."

ஜெயராணி குனிந்து அழிப்பானைத் தேடினாள். அந்த ஒற்றைக் கோட்டை அழிக்கும்போது ஏனோ அவள் கண் நிறைந்தது. அன்று மேசையில் அம்மோனியா புட்டி திறந்திருக்கவில்லை.

தேர்வில் மூன்று மதிப்பெண் கேள்வியாக வந்தது பைகார்பனேட் அயனி. அதன் இணை காரமும் இணை அமிலமும் எழுத வேண்டும். ஒரு மைனஸிலிருந்து ஒரு புரோட்டானைக் கொடுத்தால் கார்பனேட், இரண்டு மைனஸ். எழுதினாள். ஒரு புரோட்டானை வாங்கினால் கார்பானிக் அமிலம். அதன் தலைமேல் ஏதாவது போடச் சொல்லிப் பேனா துடித்தது. மைனஸ் ஒன்றோடு பிளஸ் ஒன்று. விரலை மடக்கி இரண்டு முறை கணக்குப் பார்த்தாள். பிறகு வெறுமனே விட்டாள்.

முடிவு ஜூலைக் கடைசியில், ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. சோபனா அலைபேசியை நீட்டினாள். முப்பத்தாறு. அந்த மூன்று மதிப்பெண் இல்லையென்றால் மறுபடியும் அதே முப்பத்துமூன்று.

மாரண்டஹள்ளியில் தக்காளி ஏற்றிக்கொண்டிருந்த கணவன் அந்தோணி பிரகாஷுக்கு ஜெயராணி போன் போட்டாள்.

"பாஸுங்க."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது.

"என்னங்க, அழறீங்களா?"

"தூசி. சாயங்காலம் கறி எடுத்துட்டு வரேன்."

"இன்னிக்கு வெள்ளிக்கிழமைங்க. நாம கறி சாப்பிடறதில்லையே."

"சரி, மீனுக்குத்தான் விரதம் இல்லையே, அத வாங்கறேன். உதவியாளரம்மாவே கொழம்பு வெக்கட்டும்."