கடல் படத்தில் ஆள் எங்கே?

மனிதர்களின் மூஞ்சியை வைத்துப் பிழைப்பவர்கள் உலகத்தில் இரண்டே பேர், நாவிதரும் போட்டோக்காரரும். நாவிதர் கெடுத்தது ஒரு மாதத்தில் வளர்ந்து சரியாகிவிடும், நாங்கள் கெடுத்தது சட்டம் போட்டுச் சுவரில் தொங்கும்.

திருவனந்தபுரத்தில், கிழக்கே கோட்டையிலிருந்து சாலைக் கடைத்தெருவுக்குத் திரும்பும் இடத்தில், ஒரு மாடியில் ஸ்டூடியோ வைத்திருந்தேன். கூரையில் பாதி கண்ணாடி. விசையைத் தட்டினால் வெளிச்சம் வரும் என்று நம்பிப் படம் பிடிக்கும் சோம்பேறிகள் அப்போது பிறக்கவில்லை. நாங்கள் சூரியனை நம்பி இருந்தோம். சூரியனோ இடவப்பாதி என்கிற பருவமழை வந்துவிட்டால் ஊரைவிட்டே ஓடிவிடும். கலையைக் கடையாக வைத்து நொந்துபோன சகோதரர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் சிரிப்பார்கள். நீங்கள் பெருமூச்சு விடுவீர்கள், அது போதும்.

எனக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான். மூஞ்சி இல்லாத படம் ஒன்று, நான் எடுத்தது எடுத்தபடி, இந்த ஊரில் யாராவது ஒருவர் வீட்டுச் சுவரில் தொங்க வேண்டும். ராஜ்யமா கேட்டேன்? ஓர் ஆணி அடிக்கிற இடம் கேட்டேன்.

கடையின் கோட்டு

ஸ்டூடியோவுக்கென்று ஒரு கறுப்புக் கோட்டு இருந்தது. யானைக்குத் தைத்து, யானை வேண்டாம் என்று தள்ளியதால் என் கைக்கு வந்தது. கழுத்திலிருந்து இடுப்புவரை முதுகைப் பிரித்து நாடா வைத்திருந்தோம். ஒல்லிக்கு நாடாவை இழுத்துக் கட்டுவது, பருமனுக்கு அப்படியே திறந்துவிடுவது. முன்னால் நின்று பார்த்தால் ஹைகோர்ட் ஜட்ஜி. பின்னால் போய்ப் பார்த்தால் வெறும் முதுகு. படத்தில்தான் பின்பக்கம் கிடையாதே! இந்த ஊர்ப் பெரிய மனிதர்களில் பாதிப் பேர் அந்தக் கோட்டுக்குள் புகுந்து வெளியே வந்தவர்கள்.

ஒருநாள் ஒரு தாலுகா கச்சேரிக் குமாஸ்தா, நல்ல பருமன், மாமனார் வீட்டுக்கு அனுப்பப் படம் எடுக்க வந்தார். எடுத்து முடித்ததும் கோட்டைக் கழற்ற மறந்து, அதே கம்பீரத்தோடு படியிறங்கிப் போய்விட்டார். சாலைத் தெரு முழுக்க அவர் முதுகைப் பார்த்தது. வெற்றிலைக் கடையில் நின்றவர்கள் துப்ப மறந்து விழுங்கினார்கள். என்னிடம் இருந்த ரீடச்சர் வேலாயுதம், நெகட்டிவ் கண்ணாடியின்மேல் பென்சில் வைத்து வாடிக்கைக்காரர்களின் சுருக்கம், தழும்பு, வயது எல்லாவற்றையும் அழிக்கிற நாகர்கோவில்காரர், பின்னாலேயே ஓடினார். அதற்குள் குமாஸ்தா தானாகவே திரும்பி வந்துவிட்டார். முகத்தில் வெட்கம் இருக்கும் என்று நினைத்தேன். அவர் கேட்டது இது: “முதுகில் நல்ல காத்து வருது சாரே. இதைத் தைச்ச தையல்காரன் எவிடயாக்கும் இருக்கான்?”

விழிஞ்ஞத்துக் காலை

இந்த முதுகுகளிடமிருந்து தப்பிக்கத்தான் ஒருநாள் மாட்டுவண்டியில் கேமராவை ஏற்றிக்கொண்டு விழிஞ்ஞத்துக்குப் போனேன். விடிகிற நேரம். தெற்கே பார்த்துக் கேமராவை நிறுத்தினேன். ஆளில்லாத கட்டுமரம் ஒன்று கரையோரம் ஆடிக்கொண்டிருந்தது. இடது கைப் பக்கமிருந்து காலை வெயில் சாய்ந்து, ஒவ்வொரு அலையின் தோளையும் தொட்டுத் தொட்டுப் போயிற்று. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டவன் மூச்சுவிட மறந்தேன். பிளேட்டைத் திறந்து மூடியதும் ஒரு பேரலை வந்து கேமராவின் முக்காலியை அடித்துக்கொண்டு போனது. கேமராவை மட்டும் கட்டிப்பிடித்துக்கொண்டேன். முக்காலியை மறுநாள் வலையில் இழுத்து வந்தார்கள். கால்களுக்கு நடுவே ஒரு பெரிய நெய்மீன் அசையாமல், படம் எடுத்துக்கொள்கிற மாதிரி விறைப்பாக நின்றது. நம்பாதவர்கள் வேலாயுதத்தைக் கேட்கலாம். குழம்பு சாப்பிட்டவர் அவர்தான்.

படம் எடுத்த அன்று, அங்கே வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு கிழவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கேமராவைத் துடைத்துப் பெட்டியில் வைக்கும்போது பக்கத்தில் வந்தார். அவர் குரலில் உண்மையான இரக்கம் இருந்தது: “கடலு எங்கேயும் போகாதல்லோ சாரே, பின்ன எதுக்கு அதைப் படம் பிடிச்சு வைக்கணும்?”

கண்ணாடி துடைத்த பெருமை

கோட்டைக்குள் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கண்காட்சி வைத்தேன். ஊர்க்காரர்களை உள்ளே இழுக்க வேண்டுமே என்று வாசலிலிருந்து வரிசையாகப் பெரிய மனிதர்களின் உருவப் படங்களை மாட்டினேன். மாட்டிய பிறகுதான் கவனித்தேன், அத்தனை பேரும் அந்த ஒரே கறுப்புக் கோட்டுக்குள் இருந்தார்கள். வந்தவர்களில் ஒருவர்கூட அதைக் கண்டுபிடிக்கவில்லை. ஒருவர் மட்டும், “இவங்க எல்லாம் ஒரே தறவாடாக்கும், இல்லியா?” என்று கேட்டுவிட்டு நகர்ந்தார். ஒரே குடும்பமாம்!

உள்ளே பொன்முடிப் படம் ஒன்று இருந்தது. மலை ஏறி, மூடுபனியை எடுக்கிறேன் என்று எடுத்து, கழுவிப் பார்த்தால் வெள்ளை. மேலும் கழுவினால் மேலும் வெள்ளை. ஓரத்தில் ஒரு தேயிலைச் செடியின் நுனி மட்டும் தெரியும். ‘மௌனம்’ என்று பெயர் எழுதி மாட்டிவிட்டேன். கதர் ஜிப்பா போட்ட ஒருவர் அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். கிட்டே போனார், விலகினார், தலையைச் சாய்த்தார். ஆகா, ஒரு ரசிகன் அகப்பட்டான் என்று நான் மெல்லப் பக்கத்தில் போய் நின்றேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கிச் சொன்னார்: “கண்ணாடியை எவ்வளவு சுத்தமாத் துடைச்சிருக்கீங்க!”

ஆள் எழுந்து போன படம்

விழிஞ்ஞத்துக் கடலைப் பெரிதாக்கி, ஒரு கதவளவு சட்டத்தில் போட்டிருந்தேன். மண்டபத்தில் அதற்குக் கிடைத்தது தூண் மறைவு. நல்ல சுவரை உருவப் படங்களுக்குக் கொடுத்தது நான்தான், யாரை நோவது? வந்தவர்கள் தூணைச் சுற்றி எட்டிப் பார்த்தார்கள். எல்லாரும் கேட்ட கேள்வி ஒன்றே: ஆள் எங்கே? கட்டுமரம் இருக்கிறது, கடல் இருக்கிறது, அப்படியானால் ஆள் எங்கோ ஒளிந்திருக்க வேண்டும் என்று அலைக்கு அலை தேடினார்கள். ஒரு மாமி, தூரத்துப் பாறை ஒன்றைக் காட்டி, இதுதான் ஆள், குனிந்துகொண்டிருக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டு நிம்மதியாகப் போனாள்.

ஒரு வக்கீல் மட்டும் நிதானமாகப் பார்த்தார். வெயிலைப் பாருங்கள் என்று கையைக் காட்டினேன். அவர் வெயிலைப் பார்க்கவில்லை, கட்டுமரத்தைப் பார்த்தார். பிறகு பாராட்டி, ஆறுதலும் சொல்கிற பாவனையில் என் தோளைத் தட்டினார்: “படம் கொள்ளாம். பக்ஷே, ஆளு எழுந்து போனதுக்கு அப்புறமல்லோ எடுத்திருக்கீர்!”

செத்தவர் குடையோடு வந்தார்

நல்ல சுவரின் நடுநாயகமாக ஒரு பென்ஷன் தாசில்தாரின் படம் இருந்தது. கரமனை அக்ரஹாரத்துக்காரர். ஆளுயரப் படம். படம் கழுவுகிற ஹைப்போ மருந்தின் வாசனை போகட்டும் என்று வேலாயுதம் அதன் கீழே ஊதுபத்தி கொளுத்தி வைத்தார். அவர் புத்திக்கு எட்டாதது ஒன்று உண்டு: அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் உயிரோடிருக்கிறவர் படத்தை இவ்வளவு பெரிதாகச் சட்டம் போட்டு மாட்டுகிற வழக்கமே கிடையாது. அளவு பெரிது, கீழே ஊதுபத்தி என்றால் ஆள் போய்விட்டார் என்று அர்த்தம். கரமனையிலிருந்து கண்காட்சிக்கு வந்த ஒருவர் படத்தைப் பார்த்தார், “ஐயோ, அண்ணாவா!” என்றார், வாசலில் விற்ற பூமாலையை வாங்கிச் சாத்தினார், கண்ணைத் துடைத்துக்கொண்டே வீட்டுக்கு ஓடினார். கொஞ்ச நேரத்தில் தாயாதிகள் எல்லாரும் சாவுத் தீட்டுக் கழிய கரமனை ஆற்றில் தலை முழுகிவிட்டு, ஈர வேட்டியோடு மண்டபத்துக்கு வந்து நின்றார்கள்.

அந்த நேரம் பார்த்து, தன் படத்தைத் தானே பார்க்கலாம் என்று, வெளியூரிலிருந்து அப்போதுதான் திரும்பிய தாசில்தார் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். அவர் மாலையைப் பார்த்தார், ஊதுபத்தியைப் பார்த்தார், நனைந்த தாயாதிகளைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். கிழவர் பிழைத்தாரே என்று யாராவது சந்தோஷப்படுவார்கள் என்று எதிர்பார்த்தீர்களா? ஜலதோஷம் பிடித்துவிட்ட ஒரு சித்தப்பா மூக்கை உறிஞ்சிக்கொண்டு முன்னால் வந்தார்: “எல்லாரும் ஸ்நானம் பண்ணியாச்சுடா. இனிமே நீ உசிரோட இருந்து என்ன பிரயோஜனம்?”

அண்ணாச்சியின் யோசனை

தாசில்தார் படத்தை உடனே கழற்றச் சொல்லிவிட்டார். சுவர் காலியானது, தூண் மறைவிலிருந்த கடல் அந்த இடத்துக்கு வந்தது. மறுநாள் காலை அதன் முன்னால் ஓர் ஆள் அசையாமல் நின்றார். சாலைத் தெருவில் வற்றல் மிளகாய் மொத்த வியாபாரம் செய்கிற திருநெல்வேலிக்காரர். ஊருக்கே அண்ணாச்சி. பிறந்து இத்தனை வருஷத்தில் கடலைப் பார்த்ததில்லை என்றார். சாலைத் தெருவிலிருந்து சங்குமுகம் கடற்கரை என்ன காசியா? கடையைப் பூட்டிவிட்டுப் போக மனசு வரவில்லையாம்.

“இதை நான் எடுத்துக்கிடுதேன்” என்றார். சகோதரர்களே, எனக்குக் கால் தரையில் பாவவில்லை. எந்தச் சுவர் என்று கேட்டேன். வீட்டுக் கூடம், அவர் பாஷையில் பட்டாசாலை, நுழைந்ததும் எதிரே என்றார். சட்டத்தை நானே தூக்கிக்கொண்டு வருகிறேன் என்று கழற்றப் போனேன். அண்ணாச்சி கையமர்த்தினார்: “அவசரப்படாதீரும் வே. அந்தக் கட்டுமரத்துல என்னை உக்கார வச்சுக் குடும். ஆள் இல்லாத படத்தை மாட்டினா வீடே காலியா கிடக்க மாதிரி இருக்கும்லா.”

கோட்டு கடலுக்குப் போனது

முடியாது என்றேன். கண்காட்சி முடிந்தது. கடலைத் திரும்ப ஸ்டூடியோவுக்குக் கொண்டுவந்து சாத்தி வைத்தோம். மழைக்காலம் வந்தது, பூஞ்சை வந்தது, சட்டத்தின் ஓரத்தில் பல்லி முட்டையிட்டது. படத்தில் இருந்த வெயிலைத் தவிர வேறு வெயில் ஸ்டூடியோவில் இல்லை; வெயில் இல்லாமல் வேலை இல்லை, வேலை இல்லாமல் வாடகை இல்லை. அண்ணாச்சியை வரச் சொல்லி ஆள் அனுப்பினேன்.

அவர் என் ஸ்டூடியோக் கோட்டுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். கட்டுமரத்தில் எவனாவது கோட்டோடு போவானா என்று கேட்டுப் பார்த்தேன். முதலாளி போனால் கோட்டோடுதான் போவான் என்றார். மழை ஓய்ந்து வெயில் எட்டிப் பார்த்த ஒருநாள், மிளகாய்ச் சாக்கின்மேல் உட்காரவைத்து எடுத்தேன். வேலாயுதம் உருவத்தை வெட்டி ஒட்டி, விளிம்பைத் தூரிகையால் மறைத்து, மறுபடி படமாக்கினார். என் ஸ்டூடியோ வெளிச்சம் வலது பக்கமிருந்து வரும், கடல் வெயிலோ இடது பக்கம். நெகட்டிவைத் திருப்பிப் போட்டால் சரியாகிவிடும் என்றார் வேலாயுதம். போடாதீர் என்று சொல்லிவிட்டேன். அலைமேல் வெயில் ஒரு பக்கம், அண்ணாச்சிமேல் மறுபக்கம்; கண் என்று ஒன்று உள்ளவன் எவனும் பார்த்த மாத்திரத்தில் சிரித்துவிடுவான், அதுதான் என் கூலி என்று வைத்துக்கொண்டேன். அண்ணாச்சி படத்தை வெகுநேரம் பார்த்தார். கண்கூடக் கலங்கியது. வெயில் மட்டும் அவர் கண்ணில் படவில்லை: “பிரமாதம் வே. கையில ஒரு மீனைக் கீனை வரைஞ்சு வச்சுராதீரும், நாம சைவம்லா.”

வெயில் விழுந்த பக்கம்

படம் பட்டாசாலையில் ஏறியது. வருஷக்கணக்கில் ஊரே போய்ப் பார்த்தது; ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அண்ணாச்சி காலமானபோது துக்கம் விசாரிக்கப் போனேன். படத்துக்குப் பெரிய ரோஜா மாலை. கடலுக்கும் சேர்த்துத்தான் மாலை. வந்திருந்தவர்கள், அண்ணாச்சி இளவயதில் கட்டுமரத்திலேயே கொழும்புக்குப் போய் மிளகாய் விற்றதையும், நடுக்கடலில் புயலைத் திட்டி அடக்கியதையும் பேசிக்கொண்டிருந்தார்கள். பொய் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் பேர் உண்டு; அன்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கூட்டம் கலைந்த பிறகு அண்ணாச்சியின் மனைவி வெளியே வந்தாள். பட்டாசாலையில் நாங்கள் இருவர்தான். ஆச்சி என் பக்கம் திரும்பவில்லை. தினமும் பார்க்கிறவள் பார்க்கிற மாதிரி படத்தைப் பார்த்தாள். முந்தானையால் கண்ணாடியில் ஓரிடத்தைத் துடைத்தாள். விரலை அலையின்மேல் வைத்தாள், அப்புறம் கோட்டின் தோள்மேல் வைத்தாள். பிடிபட்டோம் என்று எழுந்து நின்றுவிட்டேன். ஆச்சி குரலைத் தாழ்த்திக்கொண்டு, யாருக்கும் தெரியாத ஒன்றைச் சொல்கிறவள்போலச் சொன்னாள்: “கடலுக்கு வெயிலு இந்தப் பக்கம், அவுகளுக்கு மட்டும் அந்தப் பக்கம், பாத்தியளா? ஒரு நாளு கடையை விட்டு வெளிய வந்தாகளேன்னு சூரியனே சுத்தி வந்து பாத்திருக்கு.”

ஒழுங்காகப் பிடித்த வெயிலை இந்த ஊரில் ஒருவரும் பார்க்கவில்லை, வேண்டுமென்றே தப்பாக ஒட்டிய வெயிலுக்கு ஒரே ஒரு ரசிகை கிடைத்தாள். போட்டோக் கலையில் இதைவிட அதிகம் சம்பாதிக்கலாம் என்று எவராவது சொன்னால், அவருக்கு என் கோட்டை மாட்டிச் சாலைத் தெருவில் நடக்க விடுங்கள்.