பலாமர நிழலில் ஒரு தெச்சி

தோட்டக்கலை பற்றி நாலு புத்தகம் படித்துவிட்டு, வெயிலே விழாத மூலையில் தெச்சி, அதாவது இட்லிப்பூச் செடி, நட்ட மேதை நான். மூன்று வருடமாக ஒரு பூ இல்லை.

இன்று உரத்துக்காக, ஊறவைத்திருந்த பிண்ணாக்கைக் கரைத்தேன். அந்தப் புளித்த வாடையில், அப்பா அம்மாவோடு இருந்த கரமனை வீட்டுக் கொல்லை நினைவுக்கு வந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பலாமர நிழலில் அங்கேயும் ஒரு தெச்சி நின்றது. அம்மா நோயில் படுத்த வருடம், வீட்டில் பூத்த தெச்சியால் பகவதிக்கு மாலை சாத்துவதாக அப்பா நேர்ந்துகொண்டார். பிண்ணாக்கு கரைத்து ஊற்றுவார்; தினமும் காலையில் இலைகளை விலக்கி மொட்டுத் தேடுவார்.

"ஏன்னா, கடையில வாங்கிச் சாத்தினா பகவதி கோவிச்சுப்பாளா?" என்று கட்டிலிலிருந்து அம்மா கேட்பாள்.

"நம்மாத்துல பூத்ததைத்தானே சாத்தறதா வேண்டிண்டேன்!"

செடி பச்சைப்பசேலென்றே இருந்தது. அம்மா போய்விட்டாள்.

துக்கம் கேட்க வந்த பலாமரத்துக்காரர் கொல்லையைப் பார்த்துச் சொன்னார்: "ஒரு வாக்கு சொல்லியிருந்தா கொம்பை வெட்டித் தந்திருப்பேனே, சாமி."