ஏழை ஆவதற்கு விற்க வந்த தையல் மிஷின்

எழுபதுகளின் தொடக்கத்தில் பனியன் வாங்கத் திருப்பூருக்குப் போன நான், ஒரு பனியன்கூட இல்லாமல் திரும்பினேன். எல்லோருக்கும் மாதாமாதம் கேள்வி கேட்காமல் ஒரு தொகை கொடுத்தால் வறுமை தீருமா என்று இப்போது விவாதிக்கிறார்கள். என் பதில் அந்தப் பயணத்தில்தான் இருக்கிறது.

எனக்குக் கரூரில் போர்வை, தலையணை உறை வியாபாரம். முதல் பஸ் பிடித்துக் காங்கேயம். அங்கிருந்து திருப்பூர் இருபத்தேழு கிலோமீட்டர், டிக்கெட் தொண்ணூறு பைசா. இறங்கினால் ஊரே மௌனம். மின்வெட்டு. பனியன் கம்பெனிகள் பாதிக்கு மேல் பூட்டிக் கிடந்தன.

குதிரை வண்டிக்காரர் பழனியப்பன் என்னை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல், "ஏனுங்க பாய், ஒரு தையல் மிஷின் அடிமாட்டு விலைக்கு வருது, பாக்கறீங்களா?" என்றார். வியாபாரிக்கு அது போதாதா?

விற்கிறவள் ராமாத்தாள். கம்பெனித் துணி வாங்கி வீட்டிலேயே தைத்துப் பிழைத்தவள். கம்பெனி நின்றதும் வேலை போயிற்று. புதிதாக நானூறு ரூபாய் பெறும் கால்மிஷினை நூற்றிருபதுக்குத் தருவதாகச் சொன்னாள்.

"எதுக்கும்மா விக்கிறீங்க?"

"நிவாரணக் கமிட்டிக்காரங்க வந்து ஊட்டுக்குள்ள எட்டிப் பாத்தாங்க. மிஷின் இருக்கறவ ஏழை இல்லையாமாங்க. திங்கக்கிழமை மறுபடி வருவாங்க. அதுக்குள்ள இதைத் தள்ளிவுட்டா அரிசியும் பத்து ரூபாயும் கிடைக்கும். ரெண்டு புள்ளைங்க இருக்குதுங்க."

எனக்கு ரத்தம் கொதித்தது. கரண்ட் இல்லாத ஊரில் ஓடக்கூடியது காலால் மிதிக்கிற அந்த மிஷின் ஒன்றுதான். அதைத் தொலைத்துவிட்டு வந்தால் சோறு போடுவார்களாம்! எங்கள் மார்க்கத்தின் ஏழைவரியான ஜகாத்தில்கூட, வாங்குகிறவரின் பிழைப்புக் கருவியைச் சொத்தாகச் சேர்ப்பதில்லை. எல்லா வீட்டுக்கும் ஒரே அளவு கொடுத்தால் என்ன குடி முழுகிவிடும் என்று வாய்விட்டே கேட்டேன். வசதியுள்ளவனுக்கும் போகுமே என்பார்கள். போகட்டும். அவனிடம் வரியாகத் திரும்ப வாங்குவது, இல்லாதவளின் அடுப்படியைச் சோதிப்பதைவிட மானமான வேலை.

"சும்மா குடுத்தா சோம்பேறி ஆயிருவாங்க பாய்" என்றார் பழனியப்பன்.

"உங்க குதிரைக்கு எப்பங்க கொள்ளு வைப்பீங்க? வண்டி இழுத்த பிறகா?"

"முன்னாடிதானுங்க."

"சோம்பேறி ஆயிடுச்சா?"

"அது செத்தா நான்தானுங்களே வேற வாங்கோணும்!"

சொல்லிவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார்.

இருபது ரூபாயை மிஷின் மேல் வைத்தேன். "இது மிஷினுக்கும் இல்ல, கடனும் இல்ல. மொதல்ல அரிசி வாங்கிட்டு வாங்க." வாங்கி வந்தாள். உலை கொதித்தது, பிள்ளைகள் சாப்பிட்டார்கள். அப்புறம்தான் வேலையைப் பேசினேன். கரூரிலிருந்து துணி அனுப்புகிறேன், தலையணை உறை தைக்க வேண்டும், டஜனுக்கு ஒன்றேகால் ரூபாய்.

"கட்டாதுங்க" என்றாள். "ரெண்டு ரூவா."

மிஷினையே நூற்றிருபதுக்குத் தர இருந்தவள்! பழனியப்பன் சிரித்தார். "வயிறு நெறஞ்சதும் அம்மணிக்கு வியாபாரம் வந்துருச்சு பாருங்க பாய்!"

என் பைக்கு அது நஷ்டம்தான். ஆனால் கேள்வி கேட்காத காசு என்ன செய்யும் என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். அது கரண்டைக் கொண்டுவராது, கம்பெனியைத் திறக்காது. 'கட்டாது' என்று சொல்லத் தெம்பு கொடுக்கும். கமிட்டிக்காரர்களுக்கு அதுதான் பயமோ என்னவோ.

சரக்கெடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: சனிக்கிழமை போகாதீர்கள். அன்று வாரக்கூலி நாள், முதலாளியைப் பிடிக்க முடியாது. வண்டிக்காரரிடம் வாடகையை ஏறும் முன்பே பேசுங்கள். பசித்தவரிடம் மட்டும் விலை பேசாதீர்கள், அது பேரமல்ல.

எங்களுக்குள் முடிந்தது இப்படி: டஜனுக்கு ஒன்றே முக்கால் ரூபாய், துணியும் நூலும் லாரி வாடகையும் என்னுடையவை, மிஷின் அவளுடையது.