சூசை அண்ணன் கொண்டுவந்த மேல்முறையீடு

பிரிக்ஃபீல்ட்ஸ் சூசை அண்ணன் மலேரியாவில் போய்விட்டார் என்ற செய்தி, நேற்றுக் காலை கிள்ளானில் என்னிடம் வந்து சேர்ந்தது. ஜப்பான்காரன் போனதைப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடினார் என்பது ஒன்றே ஆறுதல்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவர் சிறையில் கிராணி, எழுத்து வேலை. நான் நீதிமன்றத்தில் மனு வாங்கும் கிராணி. கைதி மனு கொடுத்ததும் அதன் பின்புறம் நாளும் நேரமும் எழுதி, அவனுடைய கைரேகையையும் வாங்கி வைப்பது அண்ணனின் வழக்கம். மேலதிகாரிகள் சிரிப்பார்கள். "உள்ள இருக்கறவன் கையில சாவி இல்ல லா. என்கிட்ட கொடுத்தா கோர்ட்டுல கொடுத்த மாதிரிதான்" என்பார். சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் துணி விற்ற காதர், ஜப்பான்காரன் தடைசெய்த ரேடியோவை வைத்திருந்ததற்காக உள்ளே கிடந்தார். அந்த நேரம் பார்த்து உறவுக்காரன் ஒருவன் அவர் வீட்டின்மேல் வழக்குப் போட்டு ஜெயித்துவிட்டான். மேல்முறையீட்டுக் கெடு முடிய மூன்று நாள் இருக்கும்போதே காதர் மனுவைக் கொடுத்துவிட்டார். சிறை அதிகாரி முத்திரை குத்தச் சோம்பல்பட்டு மேசைக்குள் போட்டுவைத்தான்.

கடைசி நாள், பிடுங்காத குறையாக அதை வாங்கிக்கொண்டு அண்ணன் சைக்கிளில் வந்தார். கடிகாரங்களைத் தோக்கியோ நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னே தள்ளச் சொல்லியிருந்தார்கள். அண்ணன் தம்முடையதைத் தொடவில்லை, மனதுக்குள் கூட்டிக்கொள்வார். அன்றைய பதற்றத்தில் கூட்ட மறந்துவிட்டார். அவர் கையில் மணி மூன்று. எங்கள் சுவரில் நாலரை. மனு வாங்குவது நாலுக்கே முடிந்துவிடும்.

அன்றைய தேதி முத்திரை இன்னும் என் கையில்தான் இருந்தது; குத்தினால் மனு கெடுவுக்குள் சேர்ந்துவிடும். "கெடு முடிஞ்சு போச்சு அண்ணே" என்றேன்.

தாளைத் திருப்பிக் காட்டினார். "பாருங்க தம்பி, மூணு நாளைக்கு முந்தியே கொடுத்துட்டான். தப்பு என் வாட்ச்சுது. அவன் வீட்ட எதுக்குப் பிடுங்கணும்?"

பயந்துவிட்டேன் என்று பிறகு எல்லோரிடமும் சொன்னேன். பொய். முத்திரை என்னிடம் இருக்கிறது என்ற திமிர்தான். ஜன்னலைச் சாத்தினேன். காதரின் வீடு போயிற்று.

நேற்றுத் துக்க வீட்டில், முக்காடிட்ட ஒரு அம்மா எனக்குக் காப்பி கொடுத்தார். காதரின் மனைவி என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். வீடு போன மறுநாளே அவரையும் பிள்ளைகளையும் அண்ணன் தம் முன்னறையில் குடிவைத்திருக்கிறார். அதன்பிறகும் எத்தனையோ முறை மனுக்களோடு என் ஜன்னலுக்கு வந்தவர், இதைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை.

"அண்ணனுக்கு வேண்டியவங்களா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"ஆமாம்" என்று சொல்லிவிட்டுக் காப்பியைக் குடித்தேன்.

போய் வாருங்கள், அண்ணே. என் பெயரை நீங்கள் அவர்களிடம் சொல்லவே இல்லை. நானும் சொல்லவில்லை.