திரை மூலையில் ஓடிய ஓர் எண்

போர் நடந்த காலம். பேராதனைப் பல்கலைக்கழகத்துக் கணினிக் கூடத்தில் அவர் தொழில்நுட்ப உதவியாளர். யாழ்ப்பாணத்துக்காரர், மெலிந்தவர், எப்போதும் கதிரை நுனியில்தான் உட்காருவார். அங்கே படித்துக்கொண்டிருந்த நான், லினக்ஸ் போட்ட என் பழைய கணினியை எது மந்தமாக்குகிறது என்று திரையிலேயே தெரிந்தால் நல்லது என்றேன். சின்னக் கண்காணிப்பு நிரல் ஒன்றை நிறுவி, அதன் அமைப்புக் கோப்பில் வரி வரியாகத் தட்டினார். திரை மூலையில் நினைவகம், சூடு எல்லாம் எண்களாக ஓடத் தொடங்கின.

அவருடைய திரையில் மட்டும் கூடுதலாக ஒரு வரி இருந்தது.

"இது என்னங்க சார்?"

"யாழ்ப்பாணத்தில என்ர மனிசி வேலை செய்யிற இடத்துக் கொம்பியூட்டர். நிமிசத்துக்கொருக்கா இது கூப்பிடும். எண் வந்தா அங்க பதில் சொல்லுது எண்டு அர்த்தம்."

யாழ்ப்பாணத்துக்குப் போகும் பாதை மூடியிருந்தது, தொலைபேசியும் எப்போதாவதுதான் கிடைக்கும். பேசிக்கொண்டிருக்கும்போதே அந்த எண் மறைந்தது. அவர் கை அப்படியே நின்றது. சில நிமிடங்களில் எண் திரும்பி வந்ததும், "கரண்ட் போயிருக்கும்," என்று வேலையைத் தொடர்ந்தார்.

"உங்கட வீடு எங்க? உங்களுக்கும் ஒரு வரி போடட்டோ?"

"வேணாங்க சார். புசல்லாவைதான், பக்கத்துல, பஸ்ல போயிரலாம்."

"கடைசியா எப்ப போனீங்கள்?"

நான் வீட்டுக்குப் போய் நான்கு மாதமாகியிருந்தது.